குறுக்கே வந்த கை

புத்தூர் பக்கத்து மாந்தோப்பில் உச்சி வெயில் இலைகளைத் துளைத்துக் கொட்டுகிறது. தடியடியில் தலை நசுங்கிய கண்ணாடி விரியன் இன்னும் வாலைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. யசோதாவின் கணுக்காலில் இரண்டு பல் தடங்கள். அப்பாவு மனைவியின் காலைத் தன் தொடையில் அழுத்திக்கொண்டு, புது பிளேடின் காகிதத்தைப் பல்லால் கிழிக்கிறான். "வெட்டாத நைனா!" மகள் ஷோபா கத்துகிறாள். வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "வெசம் ரத்தத்தோட வெளிய வரணும்டி. எட்டாவதோட நின்ன கழுதைக்கு இன்னா தெரியும்?" அறை விழுகிறது, உதடு கிழிகிறது. போன வருஷம் பாம்புகளைப் பற்றிய இணையக் குழுவில் அவளும் இதையேதான் எழுதினாள், கடிவாயை வெட்டிவிட்டால் போதும் என்று. முகம் தெரியாதவர்கள் அவளைப் பிய்த்துப் போட்டார்கள். அழுதவள், மறுநாளும் போய் ஏன் என்று கேட்டாள். இப்போது அங்கே புதியவர்களுக்கு அவளே பதில் எழுதுகிறாள். பிளேடு இறங்குகிறது. ஷோபா குறுக்கே கையை நீட்டி அதைப் பற்றுகிறாள், உள்ளங்கை பிளக்கிறது. "விரியன் வெசம் ரத்தத்த உறைய வுடாது. வெட்டினா ரத்தம் நிக்காது, அம்மா செத்துப்பூடும். காலை ஆட்டாம ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போவணும்." யசோதா முனகுகிறாள்: "அது சொல்றத கேளுய்யா." அப்பாவுவின் விரல்கள் தளர்கின்றன. ஷோபா மாங்காய்ப் பெட்டியை மிதித்து உடைத்து, பலகையைக் காலோடு வைத்துத் துப்பட்டாவால் இறுக்காமல் கட்டுகிறாள். "டெம்போவ எடு நைனா." அவன் ஓடுகிறான். கட்டு மெல்லச் சிவக்கிறது. அத்தனையும் அவள் கை ரத்தம்.