பக்கத்துப் பெட்டி

ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி வைத்திருந்த காலம் அது. கரமனைப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த நீலாம்பாளைக் கணவர் நயினார் வாசலிலேயே மறித்தார்.

"ஏட்டி, குடைச் சின்னம் ஒட்டின பெட்டியிலேதானே போட்டே?"

"இல்லை. பக்கத்துப் பெட்டியிலே போட்டேன்."

"என்னது! காலையிலே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! புருஷன் சொன்ன பிறகு உனக்கு எதுக்குட்டி சொந்தப் புத்தி?"

"திரைக்கு உள்ளே நீங்க இல்லை. நான்தான் நின்னேன். என் மனசுக்குப் பட்டதைச் செஞ்சேன். பொய் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை."

நயினார் மேல்துண்டை உதறி எறிந்தார்.

"பாவி! தேர்தல்லே நிக்கிறவனுக்கு அவன் பெண்டாட்டியே ஓட்டுப் போடலைன்னா ஊர் சிரிக்காதா?"

நீலாம்பாளின் குரலும் உயர்ந்தது.

"சிரிக்கட்டும்! தெருத்தெருவாப் போய், பால்காரியைக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டியளே! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"