ரஃப் தாளில் ஒரு வரி

“இந்த வரியில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார் நெட்டை நடுவர், பென்சில் முனையை வரிக்குக் கீழே வைத்து.

பயிற்சியாளர் வாசித்தார். மறுபடி வாசித்தார். மூன்றாம் முறை வாசிக்கும்போது அவருடைய காது இரண்டும் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தன.

மேசைக்கு அந்தப் பக்கம் நெட்டையரும், மூக்குக் கண்ணாடி அணிந்த அம்மாள் ஒருவரும். இந்தப் பக்கம் பயிற்சியாளரும், அவருக்குத் துணையாக வந்த டீச்சரும்.

உலகத்துப் பிள்ளைகளெல்லாம் கூடி எழுதும் கணக்குப் போட்டி அது. அவரவர் தாய்மொழியில் எழுதலாம். நடுவர்களுக்கு அத்தனை மொழியும் தெரியுமா என்ன? ஆகவே ஒவ்வொரு அணியின் பயிற்சியாளரும் வந்து உட்கார்ந்து, தன் பிள்ளை எழுதியதை வரிவரியாக எடுத்துச் சொல்லி வாதாட வேண்டும். ரஃப் தாளில் கிறுக்கியதற்கும் மதிப்பெண் உண்டு.

நடுவர்கள் பேசியது பொது மொழியில்தான். இங்கே நம் மொழியில் பேசட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

தாள், அணியிலிருந்த ஒரே பெண்ணுடையது. அணியில் அவளுக்குப் பெயர் பட்டாசு.

ஐந்து கணக்குகளில் பதினைந்து மதிப்பெண் வாங்கிவிட்டாள். பதினாறு இருந்தால் வெண்கலம். வெண்கலம் இருந்தால் அவள் ஆசைப்படும் கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு இடம் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் இரண்டு லட்சம் பேரோடு வரிசையில் போய் நிற்க வேண்டும்.

மிச்சமிருந்தது ஆறாவது கணக்கு. முக்கோணத்துக்குள் முக்கோணம், அதன் வயிற்றுக்குள் இன்னொரு முக்கோணம், கடைசியில் நான்கு புள்ளிகள். நான்கும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கின்றன என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாலே ஒரு மதிப்பெண்.

பட்டாசு வட்டம் வரையவில்லை. நான்கு புள்ளிகளைக் குத்தி, பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்.

“நாலு புள்ளியும் ஒரே வட்டத்துல இருக்குன்னு எழுதியிருக்கா” என்றார் பயிற்சியாளர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

டீச்சர் இருமினார்.

நெட்டையர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெற்ற தாயே பார்த்ததில்லை என்று கேள்வி. அவர் இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். ‘வட்டம்’ என்ற சொல்லை அறுபத்து மூன்று மொழிகளில் அச்சடித்து வைத்திருந்தார் மனிதர். நம் மொழியைத் தேடிப் பிடித்து, வரியோடு எழுத்து எழுத்தாக ஒட்டிப் பார்த்தார். அதற்குள் ஒரு யுகம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது.

“வட்டங்கிற வார்த்தையே இதுல இல்லையே சார்.”

“அர்த்தம் அதுதான்.”

“அர்த்தம் அப்புறம். எழுதினதை அப்படியே சொல்லுங்க.”

“சொல்லிடுங்கண்ணே” என்று டீச்சர் கிசுகிசுத்தார். “ஒரு மார்க்குண்ணே.”

“நீயே சொல்லேம்மா.”

“என் வாயாலயா? எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்குண்ணே.”

பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். இருபத்து நான்கு வருடங்களாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத தாளிலிருந்தெல்லாம் மதிப்பெண் கறந்தவர் அவர். இன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தன் வாயிலிருந்தே கறக்க வேண்டியிருந்தது.

“‘நாலு புள்ளியும்… எங்க சார் தலையில மிச்சம் இருக்கிற முடி மாதிரி… நிக்குது.’”

மின்விசிறிகூட ஒரு சுற்று யோசித்துவிட்டுத்தான் சுற்றியது.

நடுவர்கள் இருவரும் நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு காடு இருந்தது. கன்னங்கரேலென்று, வகிடெடுத்து, நெற்றியில் அலையடித்து, யானை நுழைந்தால் வழி தெரியாமல் அங்கேயே குட்டி போடும் அளவுக்கு அடர்ந்த காடு.

“சார்னா, நீங்கதானே?” என்றார் அம்மாள்.

“நான்தான்.”

“உங்களுக்குத் தலை முழுக்க முடி இருக்கே” என்றார் நெட்டையர், உண்மையான வருத்தத்தோடு. “அப்போ புள்ளி எங்க வேணும்னாலும் இருக்கலாம்னு ஆகுது. அது தப்பு. பூஜ்யம்தான் போடணும்.”

பென்சில் மதிப்பெண் கட்டத்துக்கு இறங்கியது.

டீச்சர் பயிற்சியாளரின் காதருகே குனிந்தார். “பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியும்ணே. மூணு வருஷமா.”

பயிற்சியாளர் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கட்டத்தைப் பார்த்தார். பூஜ்யம் பாதி வளைந்திருந்தது.

“ஒரு நிமிஷம்” என்றார்.

இரண்டு கைகளையும் தூக்கினார். நெற்றிக்கு மேலே பிடித்து, பாத்திரத்தின் மூடியைத் திறப்பதுபோல அந்தக் காட்டை அப்படியே கழற்றி, விடைத்தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மாள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அவருக்குப் பின்னால் நின்றார்.

“கொஞ்சம் குனிங்க சார்.”

குனிந்தார்.

“நீள்வட்டமா இருக்கப்போகுது, நல்லாப் பாருங்க” என்றார் நெட்டையர், இருந்த இடத்திலிருந்தே.

அம்மாள் பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து ஒரு தடவை, நெடுக்காகப் பிடித்து ஒரு தடவை அளந்தார். அவசரமே படவில்லை.

“இல்ல, வட்டமேதான். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுப்போயிருக்கு. நாலு புள்ளிக்கு இது தாராளம்.”

நெட்டையர் பாதிப் பூஜ்யத்தை அழித்தார். ஊதித் துடைத்தார். ஒன்று போட்டார்.

காரணம் என்றிருந்த கட்டத்தில், குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: ‘நேரில் சரிபார்க்கப்பட்டது.’