இளமதிக்குக் கிடைத்த வேஷம்

“சல்லடையில சலிக்கணும் டீச்சர்!” என்று முதல் வரிசையிலிருந்து எழுந்து கத்தினாள் ஆறாம் வகுப்பு இளமதி.

வகுப்பே சிரித்தது. தண்ணீரில் கரைந்த உப்பை எப்படிப் பிரிப்பது என்றுதான் நர்மதா டீச்சர் கேட்டிருந்தாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

“அது முந்தின கேள்விக்குப் பதில். உக்காரு.”

உண்மையில் இளமதிக்கு இருபது வயது. நர்மதாவுக்கும் அதேதான். திருவள்ளூரை அடுத்த ஒரு கல்லூரியில் இருவரும் பி.எஸ்சி., பி.எட். மூன்றாம் ஆண்டு படிக்கிறார்கள். பள்ளிகளுக்குப் பயிற்சிக்குப் போகும் முன், ஒருவர் ஆசிரியராக நிற்க, மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து, இப்படிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

யார் எப்படிப்பட்ட பிள்ளை என்பதை அருணா மேடம் ஒவ்வொருவர் காதிலும் ரகசியமாகச் சொல்லிவிடுவார். ஆசிரியராக நிற்பவர் அதைத் தானே கண்டுபிடித்துச் சமாளிக்க வேண்டும். இன்று மேடம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே இளமதி தலையை ஆட்டிவிட்டதை நர்மதா கவனித்திருந்தாள். அவ்வளவு அவசரம் எதற்கு?

நர்மதாவுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. போன முறை தேறவில்லை. இன்றும் கோட்டைவிட்டால், கூடப் படிப்பவர்கள் எல்லோரும் பள்ளிகளுக்குக் கிளம்பும்போது அவள் மட்டும் இங்கேயே நிற்க வேண்டும். ஒரு வருடம் போய்விடும்.

முரளியின் வேஷம் சுலபமாகப் பிடிபட்டது. “டீச்சர், மெர்சி என் பேனாவ எட்துகினா டீச்சர்!” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். அவனை முன்னால் அழைத்து, சல்லடையைக் கையில் கொடுத்து நிற்க வைத்ததும் அடங்கிவிட்டான்.

இளமதிதான் பிடிபடவில்லை. வேஷம் என்ற சாக்கில் பழி வாங்குகிறாளோ?

காரணம் இருந்தது. போன வாரம் நர்மதாதான் மேடத்திடம் போய்ச் சொன்னாள். “இளமதி கிளாஸ கவனிக்கறதே இல்ல மேடம். பக்கத்து நோட்டப் பாத்துதான் எழுதிகினு இருக்கா.” மேடம் இளமதியைக் கூப்பிட்டுக் கண்டித்தார். மறுநாள் பேருந்து நிலையத்தில் பின்னாலிருந்து நர்மதா எத்தனை முறை கூப்பிட்டும் அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நர்மதா பலகைப் பக்கம் திரும்பி, படம் வரைந்தபடியே அடுத்த கேள்வியைக் கேட்டாள். “கலங்கின தண்ணிய அசைக்காம வெச்சா இன்னா ஆவும்? இளமதி?”

கேட்டுவிட்டுத் திரும்பினால், இளமதி குனிந்து மெர்சியின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்சி அவள் முழங்கையை இடித்தாள்.

“உப்பு டீச்சர்!” என்று அதே உரத்த குரலில் பதில் வந்தது.

“ஏன் கத்தற? இது கிளாஸு, காக்களூர் பட்டறை இல்ல!”

நர்மதாவின் வாயிலிருந்து வந்தேவிட்டது. இளமதி லீவு நாள்களில் அம்மாவுடன் தகர டப்பா அடிக்கும் பட்டறைக்கு வேலைக்குப் போவது எல்லோருக்கும் தெரியும். வகுப்பு மறுபடி சிரித்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு இளமதியும் சிரித்தாள்.

கடைசி பெஞ்சில் அருணா மேடம் நெற்றியைச் சுருக்கி எதையோ எழுதினார். போச்சு, என்று நினைத்தாள் நர்மதா.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இளமதி அவள் கண்களைப் பார்க்கவில்லை, உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேருக்கு நேர் நின்று கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பலகைப் பக்கம் திரும்பிக் கேட்டதெல்லாம்தான் தவறிப்போயிருக்கிறது.

சிறப்புக் குழந்தைகள் பற்றிப் போன பருவத்தில் படித்தது வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. அடிப்பாவி, இதுதானா உன் வேஷம்!

நர்மதா சாக்பீஸை வைத்துவிட்டு இளமதிக்கு எதிரே போய் நின்றாள். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று, நிதானமாகக் கேட்டாள். “தண்ணியில கரைஞ்ச உப்ப எப்பிடிப் பிரிப்போம்?”

இளமதியின் முகம் மலர்ந்தது. “தண்ணிய ஆவியா போக வெக்கணும் டீச்சர். உப்பளத்துல பாத்தி கட்டி வெயில்ல உட்டுடுவாங்க. தண்ணி போயிடும், உப்பு நின்னுடும்.”

அதன்பிறகு ஒரு கேள்விக்கும் அவள் தவறவில்லை. மணி அடித்தது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

“தேறிட்டம்மா” என்றார் அருணா மேடம். “ஆனா ஒண்ணு புரியல. நடுவுல திடீர்னு போய் இளமதி எதிர்ல நின்னியே, ஏன்?”

“அவ ரோல கண்டுபுடிச்சிட்டேன் மேடம். மொதல்ல என்மேல கோவத்துல பண்றான்னுதான் நெனச்சேன். அப்பறந்தான் புரிஞ்சுது, நீங்க அவளுக்குக் காது கேக்காத புள்ள வேஷம் குடுத்துக்கீறீங்கன்னு.” நர்மதா வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏய் இளமதி! சூப்பரா நடிச்சடி!”

வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த இளமதி திரும்பவில்லை.

“பாருங்க மேடம், கிளாஸ் முடிஞ்சும் நடிச்சிகினே போறா!”

அருணா மேடம் பேனாவை மூடாமல் வாசலையே பார்த்தார்.

“நான் அவள, எதக் கேட்டாலும் டக்குனு பதில் சொல்ற ஃபர்ஸ்ட் ரேங்க் பொண்ணாதாம்மா நடிக்கச் சொன்னேன்.”