மாதம் ஒரு பசு

“அம்மிணி, இந்தச் சின்ன உருப்படி எத்தனை கிலோ தேறும்?” என்று மாட்டுத் தரகர் மாரப்பன் என்னிடம் கேட்டார். மாட்டுத் தீவனமான சோளத்தட்டு தீர்ந்துகொண்டிருந்தது. இரண்டு மாடுகளில் ஒன்றை அன்றே விற்றாக வேண்டும். சாலையில் போகிறவர்கள் நின்று பார்க்கும் கறுப்பு வெள்ளைப் பெரிய மாட்டை அப்பா விடமாட்டார். செவலை ஜெர்சிதான் போகப்போகிறது, அதுவும் கறி விலைக்கு.

தையல் டேப்பை ஜெர்சியின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, உடல் நீளத்தையும் அளந்து எடையைக் கணக்குப் போட்டேன். “இருநூத்தம்பதுங்க.”

“ஆட்டுக்குட்டிய மாடுன்னு கட்டி வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது” என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெர்சி தினமும் பத்து லிட்டர் கறக்கிறாள். அப்படியென்றால் மாதம் முடிவதற்குள் முந்நூறு கிலோ, அவள் எடையைவிட அதிகமான பால் அவளிடமிருந்து வெளியே வந்துவிடுகிறது. கொம்பும் குளம்பும் வாலுமாக ஒரு முழு வெள்ளைப் பசு மாதாமாதம் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இவளோ கொஞ்சமும் குறையாமல் நின்று அசைபோடுகிறாள். பெரியவள் இரண்டு மடங்கு கனத்து, இரண்டு மடங்கு தின்று, இரண்டு லிட்டர்தான் கூடக் கறக்கிறாள்.

“அப்பா” என்றேன். “சின்னது மாசத்துக்கு ஒரு முழு மாட்டையே பாலாக் குடுக்குதுங்கப்பா.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஜெர்சியின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு பெரியவளின் கயிற்றை அவிழ்த்து, அவளைக் கூட்டிக்கொண்டு மாரப்பனின் வண்டியை நோக்கிப் போனார்.