லாயத்துக்கு வந்த மனு

“என் பேரை மட்டும் வாசிச்சிராதீகக்கா. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்.”

ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மெர்லின் அதற்கு அடியில் குனிந்து நுழைந்தபோது, ரெக்கார்டு நோட்டுக்குப் படம் பிரிண்ட் எடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் ஜெபஷீலா நினைத்தாள். பிளஸ் டூ பிள்ளைகள் கடை அடைக்கிற நேரத்தில்தான் வருவார்கள்.

“என்ன பேரு, எங்கன வாசிக்கிறது? மொதல்ல மூச்ச விடு.”

மெர்லின் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில், வெள்ளைக்காரப் பாதிரியார்கள் குதிரை கட்டிய கல் லாயம் ஒன்று மெர்லின் குடும்பத்துக்கு வந்திருந்தது. அப்பா சின்னப்பராஜுக்கும் பெரியப்பா ஜான் பீட்டருக்கும் சரிபாதி. குமுளிக்காரர் ஒருவர் அதை வாங்கி, இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார். பெரியப்பா சரி என்று சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் பேரூராட்சியின் பாரம்பரியக் கட்டட ஆலோசனைக் குழு மனு வாங்குவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பட்டியலில் சேர்ந்த கட்டடத்தை யாரும் இடிக்க முடியாது. மெர்லின் யாரிடமும் சொல்லாமல் ஒரு படிவத்தை நிரப்பிப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

அந்தக் குழுவில் ஊர்மக்கள் ஒன்பது பேர். வந்த மனுக்களைப் பதிந்து, கூட்டத்தில் வாசிப்பது ஜெபஷீலாவின் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிறவள் என்பதால் அதையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

“போன வாரம் வீட்டுக்கு நோட்டீஸ் வந்துச்சுக்கா. உங்க கட்டடத்துக்கு மனு வந்திருக்கு, சனிக்கிழம கூட்டத்துக்கு வாங்கன்னு. பெரியப்பா குதிகுதின்னு குதிச்சாக. எங்கப்பா அதுக்கு மேல. எவன்னு தெரியட்டும், வீடு புகுந்து தோல உரிச்சிர்றேன்னாக. அவுக அப்படிக் கத்தி நான் பாத்ததே இல்ல. அன்னைலேருந்து சோறுகூட எறங்கல அவுகளுக்கு.”

“புகுறதுக்கு வேற வீடு தேடி அலைய வேண்டியதில்ல. அந்த மட்டுக்கும் நல்லது,” என்றாள் ஜெபஷீலா.

மெர்லின் சிரிக்கவில்லை. படிவத்தின் பின்பக்கத்தை அன்றைக்குப் படிக்காமல் விட்டதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கேதான் ஏழாவது விதி இருந்தது: மனு கொடுத்தவரின் பெயர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்.

அந்த விதியைக் கேட்டு வாங்கியதே ஜெபஷீலாதான். ஊரில் மொட்டைப் பெட்டிஷனாலேயே பகை தீர்க்கிறவர்கள் உண்டு. வரப்புத் தகராறுக்காரனின் மாட்டுக்கொட்டகையைப் பாரம்பரியச் சின்னமாக்கச் சொல்லிக்கூட ஒருவர் எழுதியிருந்தார்.

“விதிய மாத்த முடியாது. உனக்காக மறைச்சா நாளைக்கு எல்லாரும் மறைக்கச் சொல்லுவாக. வேணும்னா வாபஸ் எழுதிக் குடு. பேரு வராது.”

“வாபஸ் வாங்கிட்டா லாயம்?”

“அது குழு பாடு. அதுக்கு மேல நான் உங்கிட்டப் பேசக்கூடாது.”

ஜெபஷீலா ஃபைலை இழுத்து மெர்லினின் படிவத்தைத் தேடி எடுத்தாள். மேலிருந்து கீழே வந்த விரல் ஒரு வரியில் நின்றது. மெர்லினை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் ஃபைலை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தாள்.

மெர்லின் பேனாவைத் திறந்தாள். லாயத்து மரத்தடுப்பில் குதிரைகள் கடித்த பல்தடம் இன்னும் இருப்பதை, அதில் ஒன்றில் தன் கட்டைவிரல் சரியாகப் பொருந்துவதை, யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். தாளில் தேதிக்கு மேல் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பேனாவை மூடிவிட்டாள்.

“எங்கப்பா ஒரு நாளும் பெரியப்பாவ எதுத்துப் பேசுனதில்லக்கா. இதுக்கும் பேச மாட்டாக. வீட்டுல யாராச்சும் ஒருத்தர் பேசணும்ல. வாசிங்க. நானும் அங்கன வந்து நிக்கிறேன்.”

வெள்ளைத்தாளை ஜெபஷீலா பக்கமே தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை பேரூராட்சிக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரியப்பா, அவருக்கு ஒரு பக்கம் குமுளிக்காரர், மறுபக்கம் அப்பா. அப்பா கழுத்தைத் துண்டால் துடைத்தபடியே இருந்தார். மெர்லின் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஓடிவிட நினைத்தால் வாசல் பக்கம்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஜெபஷீலா எழுந்தாள்.

“அடுத்தது, மலையடிவாரத்துக் கல் லாயம். ரெண்டு மனு வந்திருக்கு. அதுல ஒண்ணு செல்லாது. குடுத்தவங்களுக்குப் பதினெட்டு வயசு முடியல. செல்லாத மனுவுக்குப் பேரு வாசிக்கிறது இல்ல.”

மெர்லினுக்கு மூச்சு வந்தது. உடனேயே நின்றது. தன் மனு செல்லாதென்றால், இன்னொன்றைப் போட்டது யார்?

“இன்னொருத்தன் எவன்னு வாசிம்மா,” என்று பெரியப்பா எழுந்துவிட்டார்.

“செல்லுபடியான மனுவக் குடுத்தவரு, கட்டடத்துல பாதிப் பங்குக்காரரு சின்னப்பராஜ்.”

அப்பா எழுந்து நின்றார். அண்ணன் பக்கம் திரும்பாமல் ஜெபஷீலாவிடம் கேட்டார்: “கூட ஒரு ஆளு இருக்குன்னு தெரியாமப் போச்சே. அந்தச் செல்லாத மனுவப் போட்டது யாரும்மா?”