அப்பாவுக்கு ஒரு வாட்ச்

"அப்பா, கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

ஹிகுச்சி குனிந்து, சக்கர நாற்காலியில் இருந்த பெரியவரின் சட்டைக் கையைப் பக்குவமாக மடித்துவிட்டான். கின்சா கடைத்தெருவின் அந்த வாட்ச் கடையில் ஈ எறும்பு சத்தமில்லை. விற்பனைப் பெண் நாகுமோ வெள்ளைக் கையுறையோடு, தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள்.

தட்டில் இருந்தது முள்ளே இல்லாத வாட்ச். சின்ன ஜன்னலுக்குள் எண் மட்டும் தெரியும். மணி மாறும்போது ஒரே குதியாகக் குதிக்கும். அந்தக் குதியைப் பார்க்க உயிரை விடும் வாட்ச் பைத்தியங்கள் டோக்கியோவில் ஏராளம். ஹிகுச்சி அதில் முற்றிய பைத்தியம்.

ஆனால் கேட்டவுடன் கிடைக்கிற சாமான் இல்லை அது. வாங்கிய மறுநாளே வெளியில் லாபத்துக்குத் தள்ளிவிடும் கூட்டம் பெருகிவிட்டதால், கடைக்காரர்கள் ஆள் பார்த்துத்தான் உள்ளே இருந்து எடுப்பார்கள். ஹிகுச்சியும் ஆபீஸ் விட்டதும் கோயிலுக்கு வருகிற மாதிரி தவறாமல் வந்து நின்றான். "மன்னிக்கணும், இன்னிக்கும் ஸ்டாக் இல்லை" என்று நாகுமோ குனிந்து வணங்குவாள். இவனும் குனிந்து வணங்கிவிட்டுப் போவான்.

போன வாரம் பொறுமை போய்விட்டது. "எங்க அப்பாவுக்கு ஆசையா வாங்கிக் கொடுக்கத்தான் கேக்கறேன் மேடம். டாக்டர் கையை விரிச்சுட்டார்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான்.

நாகுமோவின் முகம் வாடிப்போயிற்று. "அப்பாவையே கூட்டிட்டு வாங்க சார். அவர் கையிலேயே கட்டி அளவு பார்த்துடலாம்" என்றாள்.

எந்த அப்பாவைக் கூட்டி வருவது? பெற்ற அப்பா சொந்த ஊரான நீகாட்டாவில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். புத்தாண்டுக்கு அப்புறம் இவன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பெயர் ஒகுதா. கேட்கிற உறவுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியிலிருந்து ஒரு மத்தியானத்துக்கு அப்பாவாக வந்தவர். நாற்காலியும் வாடகைதான்.

வரும் வழியில் ஹிகுச்சி வாங்கிக் கொடுத்த டீயை அவர் தொடவில்லை. "டீ குடிச்சா நெஞ்சு கரிக்கும் சார். எனக்கு எப்பவும் வெந்நீர்தான்" என்றவர், "கடைக்குள்ள போனதும் உங்களை 'டேய்'னுதான் கூப்பிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

கடைக்குள் நுழைந்து நாகுமோவைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஓர் இருமல் வந்தது. மனுஷன் பிரமாதமாக நடிக்கிறார் என்று ஹிகுச்சி மெச்சிக்கொண்டான்.

நாகுமோ இவனுக்கு டீயும் பெரியவருக்கு வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் வாட்சை எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டினாள்.

"பிடிச்சிருக்கா அப்பா?" என்று கேட்டாள்.

ஒகுதா வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஹிகுச்சியை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்? ஒரு நாள் வந்து, என்கூட உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ. அது போதும்டா."

பேசிவைத்த வசனத்தில் இது இல்லை. ஹிகுச்சிக்குக் காதுமடல் வரை சுட்டது. நீகாட்டாவில் தனியாக அரிசி களைந்து வைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் பாத்திரம் கழுவும் மனிதரை நினைத்தான். உயிரோடு இருக்கிற அவரைச் சாகக் கிடக்கிறார் என்று சொல்லி வாங்குகிற பொருளா இது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் அவமானமாக இருந்தது.

நாகுமோ முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை.

"மேடம், வாட்சை உள்ளே வச்சுடுங்க" என்றான். "நான் சொன்னது எல்லாம் பொய். இவர் எங்க அப்பா இல்லை. வாடகைக்குக் கூட்டிட்டு வந்தேன். எங்க அப்பா ஊர்ல நல்லா இருக்கார்."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்பாள், கேட்கட்டும் என்று காத்திருந்தான்.

நாகுமோவோ கடையின் பின்பக்க அறைக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் இவன் முகத்தைவிடச் சிவந்திருந்தது.

"மெதுவா பேசுங்க சார். வாட்ச் வேணும்னா எடுத்துக்கங்க, வேண்டாம்னா வச்சுடுங்க. முதல்ல இவரை வெளியே கூட்டிட்டுப் போயிடுங்க, ப்ளீஸ். மானேஜர் வர்ற நேரம்."

ஊரைக் கூட்டாமல் விடுகிறாளே, எவ்வளவு பெரிய மனசு என்று ஹிகுச்சி இன்னும் குறுகிப்போனான். வாட்சைக் கழற்றித் தட்டில் வைத்தான். இடுப்பு வளைய அவளை வணங்கிவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. வெளியே வந்த மானேஜர் பெரியவரைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடிவந்து, அவர் முன்னால் தாழக் குனிந்து வணங்கினார். ஒகுதா கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாகுமோ தரையைப் பார்த்தாள்.

மானேஜர் நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன நாகுமோ, போன மாசம் உங்க கல்யாணத்துல ஓடியாடிக்கிட்டு இருந்தாரே... உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு?"