பிடரியில ஒரு கை

"தலையைக் குனிங்க!"

அந்தம்மா போட்ட சத்தத்துல கண் வார்டே ஒரு தடவை குனிஞ்சு நிமிர்ந்துச்சு.

கட்டில்ல குப்புறக் கிடந்த அவங்க வீட்டுக்காரர், தலையணைக்குள்ள இருந்தே முனகினார். "கல்யாணமான நாள்லேர்ந்து குனிஞ்சுதான் கிடக்கேன். இப்ப டாக்டரும் எழுதிக் கொடுத்துட்டார்."

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா சிரிக்கல.

அவருக்கு விழித்திரை பிய்ஞ்சு வந்து, முந்தாநாள்தான் ஆபரேஷன். கண்ணுக்குள்ள ஒரு வாயுக் குமிழியை அடைச்சிருக்காங்க. முகத்தைக் கவுத்தே வச்சிருந்தாத்தான் குமிழி மேல ஏறி, விழித்திரையை அழுத்தி ஒட்ட வைக்கும். நிமிர்ந்தா குமிழி நகர்ந்துரும். மறுபடி பிய்ஞ்சா அந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதான்.

சாயங்காலம் ஆபீஸ் நண்பர்கள் பழத்தோட வந்தாங்க. "வாங்கப்பா"ன்னு அவர் எழுந்திரிக்கப் போக, பிடரியில ஒரே அமுக்கு.

"ஒரு நிமிஷம்டி! வந்தவங்க மூஞ்சியைப் பார்த்துக்கறேன்."

"செருப்பைப் பாருங்க. போதும்."

வந்தவங்க அவங்கவங்க செருப்பைப் பார்த்தாங்க. அப்படியே கிளம்பிட்டாங்க.

அவருக்குக் குரல் உடைஞ்சுருச்சு. "கழுத்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ராட்சசி! கொஞ்சம் மல்லாக்கப் படுக்க விடேன்."

"முடியாதுங்க."

பக்கத்துக் கட்டில் பெரியவரோட மகளுக்குத் தாங்கல. "ஏன்க்கா, ரெண்டு நிமிஷம் நிமிர்ந்தா குடியா முழுகிப்போகும்? கட்டின புருஷன்கிட்ட இவ்வளவு கல்நெஞ்சு ஆகாதுக்கா."

"நல்லாக் கேளும்மா"ன்னு தலையணை பேசுச்சு.

அந்தம்மா பிடரியில வச்ச கையை எடுக்கல.

சொல்லிட்டோமேன்னு அந்தப் பொண்ணுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு டம்ளர் தண்ணியைக் கொண்டாந்து அந்தம்மாவோட வலது பக்கமா நீட்டுனா.

அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கல.

'என்னா திமிரு!'ன்னு அவ நினைக்கும்போதே, அந்தம்மாவோட முழங்கை இடிச்சு டம்ளர் கீழே உருண்டுச்சு.

"ஐயோ, நீ நின்னது தெரியலம்மா. எனக்கு அந்தப் பக்கம் பார்வை கிடையாது."

"என்னக்கா ஆச்சு?"

"இவரு என் அத்தை மகன்தான். எங்க வம்சத்துக் கண்ணே இப்படி. போன வருஷம் எனக்கும் இதே ஆபரேஷன். நானும் வீட்டுல குப்புறத்தான் கிடந்தேன்."

தலையணைக்குள்ள அவர் முகம் இன்னும் ஆழமாப் புதைஞ்சுச்சு.

அவர் கழுத்தை மெதுவா நீவி விட்டுக்கிட்டே அந்தம்மா சொன்னாங்க:

"மூணாம் நாளு, 'எவ்வளவு நேரம்தான் படுத்தே கிடப்பே, எழுந்திரிச்சு ஒரு காபி போடு'ன்னாரு."